பெரியப்பா எழுந்தால்தான்

மேஜை மேலே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதோடு ஒரு ஒயரால் சேர்ந்தபடி ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் படுத்திருந்தது. வீட்டுப் படங்களெல்லாம் அதன் வயிற்றில்தான். வயசாகிவிட்டதால் சும்மா இருக்கும்போது தூங்கிவிடும். எழுப்பினால் முனகி, சுற்றி, எழுந்துகொள்ள நேரமாகும்.

கம்ப்யூட்டருக்கு மரியாதை ஜாஸ்தி. எதைத் திறக்கச் சொன்னாலும், "பெரியப்பா, எழுந்திருங்க" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்துக்கொண்டே நிற்கும்.

"ஒரு பாட்டுப் போடக்கூட இவ்வளவு நேரமா? எல்லாம் இந்தப் பழசால வர்ற வினை. நாளைக்குக் கழட்டித் தூக்கிப் போடணும்" என்றாள் வீட்டுக்காரி.

டிஸ்க் ஆடிப்போனது. "நான் என்னம்மா பண்ணினேன்?" என்று ஒயரிடம் கேட்டது.

"நீங்க ஒண்ணும் பண்ணல பெரியப்பா. தன்கிட்ட இருக்கிற பாட்டைப் பாடக்கூட கம்ப்யூட்டர் உங்களை எழுப்பிட்டுல்ல நிக்கிறா."

டிஸ்க் கம்ப்யூட்டரிடம் கேட்டது. "ஏம்மா, உன்கிட்ட இருக்கிறதுக்கு என்னை எதுக்குக் கேக்குற?"

"பெரியவங்க தூங்கும்போது நான்பாட்டுக்கு ஆரம்பிச்சா நல்லாவா இருக்கும்?"

"ரொம்ப நல்லாயிருக்கும். என்கிட்ட இருக்கிறது வேணும்னா மட்டும் எழுப்பு, போதும்."

மறுநாள் தொட்டதெல்லாம் சட்டென்று திறந்தது. டிஸ்க்கைக் கழட்ட வந்த வீட்டுக்காரி, அதற்கு முன்னால் மகளுக்கு முதல் பல் முளைத்த படத்தை ஒருதரம் பார்க்க ஆசைப்பட்டாள். டிஸ்க் முனகிக்கொண்டே எழுந்து எடுத்துக் கொடுத்தது. ஒற்றைப் பல் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

"சரி, இது இங்கேயே கெடக்கட்டும்" என்றாள்.

டிஸ்க் நிம்மதியாகத் தூங்கியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே விழித்துக்கொண்டது.

"ஏம்மா, ரொம்ப நேரமா என்னைக் கூப்பிடவே இல்லையே. கோபமா?"