தண்ணீர் வராத நாள்

வீட்டு ஓனர் ஒருவன் சுவரில் ஓட்டை போட்டு, குடியிருப்பவர்களை வேவு பார்த்துக் கொல்கிற திகில் படம். என் வீட்டில்தான் எடுத்தார்கள். படம் ஓடவில்லை. எனக்கும் பக்கத்துப் போர்ஷனுக்கும் நடுச்சுவரில் போட்ட ஓட்டையை, பூசித் தருவதாகச் சொல்லி அப்படியே விட்டுப்போனார்கள். என் பக்கம் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினேன்.

பக்கத்துப் போர்ஷனுக்கு ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் சற்குணம் தனியாளாகக் குடிவந்தார். ஒருநாள் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு தினமும். சாப்பிட்டுக்கொண்டே அவர் ரேடியோவோடு சண்டை போடுவார். அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்?

அன்று மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். ஒரு கை என் சுவர்ப் பக்கம் நீண்டு அசைந்தது. ஓடிப்போய் அவர் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். எப்படித் தெரியும் என்று கேட்டால்? தண்ணீர் விடும் நாளென்றால், "சார், தண்ணி வருது, பிடிச்சுக்குங்க" என்று தட்டியிருக்கலாம். அன்று தண்ணீர் வராத நாள். கையை இறக்கிவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் வந்தது. தட்டினேன். வெகுநேரம் தட்டினேன். எதிர்வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

"பக்கத்துலதானே சார் இருந்தீங்க, ஒண்ணும் கேக்கலையா?" என்றாள் ஊரிலிருந்து வந்த அவர் மகள்.

"சத்தமே கேக்கலைம்மா."

அவள் காலிசெய்து போனபின், பூட்டுவதற்காக உள்ளே போனேன். அந்தப் பக்கச் சுவரில், ஓட்டையைச் சுற்றி, பென்சிலால் ஒரு ஜன்னல் வரைந்திருந்தார். கம்பி, கதவு, கொக்கி எல்லாம் இருந்தன. கீழே சின்ன எழுத்தில், "சாப்பிட்டாச்சா ஓனர் சார்?"