தளபதியின் தொப்பி

புதிய விமானப்படைத் தளபதி பதவியேற்ற அன்று, அவருடைய தொப்பிக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா, எத்தனை சல்யூட்! வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எத்தனையோ தலை வந்து போயாச்சு. தொப்பிதான் நிரந்தரம்!" என்று கார் முகப்பில் படபடத்த கொடியிடம் கூவியது.

ஓடுபாதை அருகே கார் நின்றது. முதல் நாளே ஜெட் ஓட்டப்போகிற குஷியில் தளபதி தொப்பியைக் கழற்றி சீட்டில் வைத்தார். வெறுந்தலையோடு விறுவிறுவென்று நடந்தார்.

"ஐயோ, என்னை மறந்துட்டார்!"

"மறக்கலை," என்றது கொடி. "தொப்பி பக்கத்துல போனா எஞ்சின் உள்ளே இழுத்துடும். அங்கே எந்தத் தொப்பிக்கும் அனுமதி இல்லை."

"எனக்குமா? நான் யாருன்னு அங்கே இருக்கிறவங்ககிட்ட சொல்லேன்!"

"எப்படிச் சொல்றது?" கொடியின் குரல் அமுங்கிக் கேட்டது. "அவர் இறங்கினதுமே டிரைவர் என்னை உறை போட்டு மூடிட்டாரே!"