ஆப்பிள் தோட்டத்து வேலி

"யோவ் கில்து! வேலியை நீ பிரிக்கிறியா, இல்லை நான் வந்து பிரிக்கட்டுமா?"

மல்சூன் போட்ட கூச்சலில் ஆப்பிள் மரத்துப் பறவைகள் எழுந்து பறந்தன.

கில்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார். "என் தோட்டம். என் கம்பி."

"முப்பது வருஷமா ஊரே இதுக்குள்ள நடந்துதானேய்யா பஸ்ஸுக்குப் போச்சு?"

"முப்பது வருஷம் மிதிச்சது போதும்."

மலையிடுக்கில் பத்தொன்பது வீடு. பஸ் கீழே பெரிய ரோட்டோடு சரி, அதுவும் நாளைக்கு இரண்டு தடவை. மல்சூனின் ஓரகத்தி சூன்நிம்முக்கு வாரம் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நேற்றுவரை கோலை ஊன்றித் தோட்டத்துக்குள் இறங்கிப் போனவள், இனிமேல் வண்டிப் பாதையில் மலையைச் சுற்ற வேண்டும்.

பஸ் எட்டாத ஊர்களுக்கு அரசாங்கம் நூறு வோன் சில்லறைக் காசுக்கு டாக்ஸி விடுகிறது. அதற்குத்தான் மல்சூன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சந்தையில் இருபது வருஷம் கருவாடு விற்றவள், இப்போது மாதர் சங்கத் தலைவி, விடுவாளா? முதல் மனு திரும்பி வந்தது. 'விதிப்படி தகுதி இல்லை' என்று முன்பக்கம் ஒரே வரி.

"பத்தொன்பது வீடுன்னா இளக்காரமா?" என்று அடுத்த மனுவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். கையெழுத்துக்குப் பதிலாகப் பதினெட்டு வீடு பெயர் முத்திரை குத்தியது.

கில்து மட்டும், "பழைய கடுதாசியைக் காட்டு" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார்.

"இதுக்கு முத்திரை குத்தி ஒண்ணும் ஆகப்போறதில்லை. போய் வேற வேலையைப் பாரு, தலைவியம்மா."

மூன்றாம் நாள் இந்த வேலி.

மல்சூன் மாதர் சங்கத்தைக் கூட்டினாள். "இந்த வருஷம் அந்தாளு தோட்டத்துக்கு ஒருத்தியும் ஆப்பிள் பறிக்கப் போகக் கூடாது. போனா என் வீட்டு வாசலை மிதிக்காதீங்க!"

அந்த ஊரில் ஒருவர் தோட்டத்தை எல்லாரும் சேர்ந்துதான் பறிப்பார்கள். கில்து தனியாக ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பாதிப் பழம் தரையில் கிடந்து அழுகியது.

மல்சூன் சூன்நிம்மைக் கைவண்டியில் உட்கார வைத்து வண்டிப் பாதையில் இழுத்துக்கொண்டு போவாள். வேலியைத் தாண்டும்போதெல்லாம் நின்று, மூச்சு வாங்கி, நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் நகர்வாள்.

"விடு மல்சூன், எனக்காக எதுக்கு..." என்பாள் சூன்நிம்.

"நீங்க சும்மா இருங்கக்கா!"

பதினோரு தடவை போன் அடித்த பிறகு வட்ட அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞன் வந்தான். கையில் சக்கரம் வைத்த அளவுகோல். நேரே தோட்டத்துப் பக்கம் போனவன் வேலி முன்னால் நின்றான்.

"கம்பி புதுசா மின்னுதே. நிஜமாவே யாரும் இது வழியா போறதில்லையா?"

அவ்வளவுதான். ஊர் மானம் போகிறதே என்று மல்சூனுக்குப் பற்றிக்கொண்டது.

"போறதா? எட்டிப் பார்த்தாலே விரட்டுறான் தம்பி! நோயாளியை வண்டியில வச்சு மாடு மாதிரி இழுக்கிறேன், பாரு என் உள்ளங்கையை! யோவ் கில்து, கல்நெஞ்சுக்காரா, ஆபீசருக்காவது கம்பியைத் தள்ளுய்யா!"

ஏணி மேலிருந்து பதில் வந்தது. "ஜனாதிபதியே வந்தாலும் தள்ள மாட்டேன்!"

இளைஞன் ஏதோ எழுதிக்கொண்டான். சக்கரத்தை வண்டிப் பாதையில் உருட்டிக்கொண்டு போனான்.

இரண்டே வாரம். அனுமதிக் கடிதம் வந்துவிட்டது!

முதல் டாக்ஸியில் சூன்நிம் ஏறினாள். சன்னல் வழியாகக் கையை நீட்டி மல்சூனின் காய்த்துப்போன உள்ளங்கையைப் பிடித்தவள், வண்டி கிளம்பும்வரை விடவே இல்லை.

ஊர்ப் பொதுக்கூடத்தில் அரிசிக் கேக்கில் ஆவி பறந்தது.

"கில்து வீட்டுக்கு ஒரு தட்டு?" என்றாள் ஒருத்தி.

"அந்த மனுஷனுக்கா? நாய்க்குப் போடு!"

கடிதத்தைச் சுவரில் ஒட்ட, மல்சூன் அதைத் திருப்பிப் பசை தடவப் போனாள். அப்போதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது.

'பஸ் நிறுத்தம் வரை முந்தைய அளவு: தோட்ட வழியே 760 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு என்பதால் நிராகரிக்கப்பட்டது. தற்போதைய அளவு: தோட்ட வழி அடைக்கப்பட்டுள்ளதால் 1,240 மீட்டர். அனுமதிக்கப்படுகிறது.'

பசை செருப்பில் சொட்டியது. அவளுக்குத் தெரியவில்லை.

இருந்ததிலேயே பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "கூடையை எடுத்துக்கிட்டு எல்லாரும் வாங்கடி!"

கில்து ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே..."

"என்னது, அண்ணனா? யாரைக் கூப்பிடுற?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னவெல்லாம் திட்டிட்டேன்..." தட்டை நீட்டினாள்.

கில்து ஒரு துண்டை எடுத்து நிதானமாக மென்றார்.

"சொல்லியிருந்தா நீ திட்டியிருப்பியா? புதுக் கம்பியைப் பார்த்து அந்தத் தம்பிக்குச் சந்தேகம். நீ போட்ட சத்தத்துலதானே நம்பி எழுதிட்டுப் போனான்."

மல்சூன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கூடையை எடுத்தாள்.

"கூடையைக் கீழ வை. பறிக்கிறதை அவங்க பார்த்துப்பாங்க" என்றார் கில்து. "அடுத்த வருஷமும் அளக்க வருவாங்க. நீ வேலிக்கு வெளிய போய் நின்னு, இன்னிக்கு உண்டான திட்டைத் திட்டிட்டுப் போ."