பக்கத்துக் கட்டில்

ஞானாபரணம் எந்தக் கட்டிலில் உட்கார்ந்து இயேசுவைப் பற்றிச் சொல்கிறாரோ, மறுநாள் அந்தக் கட்டிலில் ஆள் இருக்காது. ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியாகப் படுத்திருக்கும் சுடலைக்கண்ணு எட்டு நாளாக இதைக் கவனித்து வருகிறார். செத்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வேறு இருந்தது. அதைத்தான் அவரால் நம்பவே முடியவில்லை. அந்த ஆள் தன் பக்கம் திரும்பினாலே ஊன்றுகோலைத் தூக்கிவிடுவார். "ஓய், கிட்ட வந்தீரு, மண்டை ரெண்டாயிரும். உம்ம சாமி உம்மகிட்டயே இருக்கட்டும்."

இன்றும் மதியம் பார்வையாளர் மணி அடித்ததும் ஞானாபரணம் வந்தார். அக்குளில் வழக்கம்போல இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிக் கட்டு. ஆனால் யாரிடமும் போகவில்லை. நேற்று காலியான பக்கத்துக் கட்டிலில், செருப்பைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுத்தார். ஒரு தாளை உருவிச் சுடலைக்கண்ணுவிடம் நீட்டினார்.

"உமக்குச் சொல்ல வரல வே. நீரு எனக்குச் சொல்லணும்."

"நானா? எனக்கு நம்பிக்கையும் கிடையாது, ஒழுங்கா வாசிக்கவும் வராது."

"எழுத்துக் கூட்டி வாசியும். நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்குச் சொல்ல ஒருத்தன் வரல. ரொம்ப அசதியா இருக்கு."

தலையணையில் பழைய ஆளின் தலை அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. ஞானாபரணத்தின் தலை அதில் அளவெடுத்தது போலப் பொருந்தியது. வாசித்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"பொறவு எனக்கு யாரு வே சொல்லுவா?" என்றார் சுடலைக்கண்ணு.

ஞானாபரணம் கண்ணை மூடிக்கொண்டார். சுடலைக்கண்ணு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தார்.