ஷோகேஸில் ஏறிய லேப்டாப்

விலை உசந்த ஒரு லேப்டாப், புதுசாக ஒரு வீட்டுக்குள் நுழையும்போது என்னவெல்லாம் கனவு காணும் தெரியுமா?

அமுதவல்லி டீச்சர் வாங்கிவந்த லேப்டாப்புக்குக் குஷி தாங்கவில்லை. இனிமேல் வினாத்தாள் எல்லாம் நம்மிடம்தான் என்று துள்ளியது. டீச்சரோ அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல், பீங்கான் பொம்மைகளுக்கு நடுவே ஷோகேஸில் ஏற்றிவிட்டார். ஒரு மாதம் ஓடிப்போனது. வேலை முழுக்க மேசைமேல் கிடந்த பழைய லேப்டாப்புக்குத்தான்.

"உனக்கென்னடா தம்பி, பூ மாதிரி கனமே இல்லே. ஒரு தடவை சார்ஜ் போட்டா பொழுதுக்கும் ஓடுவே. என்னைப் பாரு, ஒயரைப் புடுங்கினா உயிர் போயிடும். ரெண்டு எழுத்துக்குப் பட்டனே இல்லே" என்றது பழசு.

"எல்லாம் சரிதாண்ணே. விலைதான் ஜாஸ்தியாப் போச்சு. கீறல் விழுந்துடுமோன்னு யாரும் தொடவே மாட்டேங்கிறாங்க."

அப்போது டீச்சர் அரையாண்டு வினாத்தாள் அடிக்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதுசு ஷோகேஸிலிருந்து பழசிடம் கெஞ்சியது.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஆன் ஆகாம இருங்களேன்."