கை எட்டாத இலைகள்

முள்சீத்தா இலை புற்றுநோயை எதிர்க்கும் சக்தியை உடம்புக்குக் கொடுக்கும் என்று யாரோ சொன்னாலும் சொன்னார்கள், தெய்வானை வீட்டு வாசலில் நின்ற மரத்தை ஊரே மொட்டையடித்துவிட்டது. இப்போது அந்த நோய் அவளுக்கே வந்திருந்தது. கீமோ போட்டுக்கொண்டு வந்து, குமட்டலோடு கட்டிலில் கிடந்தாள்.

பக்கத்துத் தெரு ராஜகனி வந்து உட்கார்ந்ததும், வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதையே கேட்டாள்: "வாசல்லயே மரத்த வச்சிக்கிட்டு உனக்கு எப்படிக்கா வந்துச்சு?"

"அத மரத்துக்கிட்டப் போயிக் கேளு" என்று தெய்வானை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ராஜகனி எழுந்து வெளியே போனாள். அப்பாடா என்று தெய்வானை கண்ணை மூடுவதற்குள் திரும்பி வந்தாள். கட்டிலருகே இருந்த ஸ்டூலிலிருந்து மாத்திரைகளையும் தண்ணீரையும் எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உச்சியில கொஞ்சம் எல இருக்குக்கா. எட்டல."