வடகாட்டு இரும்பு

"செயற்கைக்கோள் படத்துல உங்க ஊர் மண்ணுக்கு அடியில பாறைச் சுவர் மாதிரி ஒரு கோடு தெரியுது," என்றார் நிலவியல் அதிகாரி சுதாராணி. கையில் யூனியன் ஆபீஸில் வாங்கிய ஊர்ப்படம். பக்கத்தில், நீளக் கம்பு நுனியில் சொம்பு கவிழ்த்த மாதிரி ஒரு கருவி. "இது காந்தமானி. காடு முழுக்க நடந்து அளப்போம். உள்ளே இரும்பு கிடந்தாலும் காட்டிக்கொடுத்துரும்."

பஞ்சாயத்துத் தலைவர் வெயிலுமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. 1998 சித்திரையில் கயத்தாறு பக்கம் யாருக்குத்தான் வியர்க்காது? ஆனால் அவர் நின்றது வேப்பமர நிழலில். காவலுக்கு வந்த ஏட்டு வன்னியபெருமாள் அதைக் கவனித்துவிட்டார்.

"சைக்கிள் கிடந்தாலும் காட்டுமாம்மா?" என்று வேண்டுமென்றே கேட்டார் ஏட்டு.

"நல்லாவே காட்டும்."

பஞ்சாயத்து கிளார்க் முப்பிடாதி சைக்கிளோடு காணாமல் போய் ஒன்றரை வருடம். அதற்கு முந்தின நாள் தலைவரோடு அவனுக்குப் பெரிய வாய்த்தகராறு. "எம் பிள்ளைய எந்தக் கரிசல்ல போட்டு மூடினாவளோ!" என்று அவன் அம்மா வெள்ளைத்தாய் ஸ்டேஷன் வாசலில் அழும்போதெல்லாம் ஏட்டுக்குச் சோறு இறங்காது.

"நாளை மறுநாள் வடகாட்டுல ஆரம்பிக்கிறோம்," என்றார் சுதாராணி.

"அங்கன பாம்பு கிடக்கும்மா. ஒரு வாரம் கழிச்சுப் போங்க," என்றார் தலைவர் அவசரமாக.

பாம்புக்கு ஒரு வாரம் தவணை கொடுத்த ஆளை ஏட்டு அப்போதே குறித்துக்கொண்டார்.

மறுநாள் உச்சிவெயில். தலைவர் கடப்பாரையோடு தனியாக வடகாட்டில் இறங்கினார். உடைமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஏட்டு எட்டிப் பார்த்தார். எஸ்.ஐ. தொப்பி கண்ணுக்குள் வந்து நின்றது. ஒரு மணி நேரம் தோண்டிய தலைவர், குழியோரம் குனிந்து சாக்குமூட்டையைத் தூக்கினார். உள்ளே இரும்பு கணகணத்தது.

ஏட்டு பாய்ந்து சட்டையைப் பிடித்தார். "அசையாதீரும்வே! முப்பிடாதிய எங்க புதைச்சீரு?"

"ஐயோ, அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான் ஏட்டையா! பொய்க்கணக்கு எழுதின பயத்துல ஓடிட்டான். இந்தா, போன மாசம் எனக்குப் போட்ட லெட்டர்."

எழுத்து முப்பிடாதியுடையதுதான். வெள்ளைத்தாயை நினைத்ததும் ஏட்டுக்குப் போன உயிர் வந்தது. வந்த எஸ்.ஐ. தொப்பி போனது.

"அப்போ இங்கன எதைத் தோண்டி எடுக்குதீரு?"

"எடுக்கல ஏட்டையா..." தலைவர் தலையைத் தொங்கப்போட்டார். "போடுதேன்."

ஏட்டு சாக்கை உதறினார். தலைவர் ராத்திரியே கொண்டுவந்து போட்டிருந்த காயலான் கடைப் பழைய குழாய்த் துண்டுகள் உருண்டன.

"அந்தம்மா கையில இருக்கிற யூனியன் ஆபீஸ் படத்துல இந்த இடத்துக்குக் குறி போட்டிருக்கு. இந்த இடத்துல இரும்பு இல்லேன்னு மெஷின் காட்டிட்டா நான் தொலைஞ்சேன்!"

தண்ணீர் வராததால் குழாயோடு மூடியதாகத் தலைவர் பில் போட்டுப் பணம் வாங்கிய எட்டு ஆழ்குழாய்க் கிணறுகளில் முதலாவதற்கு, அன்றைக்குத்தான் மண்ணில் குழாய் இறங்கிக்கொண்டிருந்தது.